டிப்ஸ்: கூலியா, அன்பளிப்பா?

 

 

இந்த வாரத்துக்கு நான் எடுத்து வைத்திருந்த தலைப்பு வேறு. செவ்வாய்க்கிழமை இஷாவுக்குப் பிறகு ஒருவர் வந்தார். பிரியாணி ஹோட்டல் நடத்துகிறவர். "ஹஜ்ரத், கடையில 'டிப்ஸ் கொடுக்க வேண்டாம்'னு ஒரு போர்டு வைக்கலாம்னு இருக்கேன். மார்க்கத்துல தப்பில்லையே?" என்று கேட்டார். ஏன் என்றேன். "பசங்க கஸ்டமர் கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. கார்ல வர்றவருக்கு ஓடி ஓடிப் பரிமாறுறாங்க. மூட்டை தூக்குறவர் ரெண்டாவது தடவை சால்னா கேட்டா காது கேக்க மாட்டேங்குது" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தப்பில்லை, வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு, பின் ஸஃப்பில் தொழுத ஒருவர் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அதே கடையில் சப்ளையராக இருக்கிறவர். "ஹஜ்ரத், போர்டு வைக்க நீங்கதான் சரின்னு சொன்னீங்களாமே?" என்றார். குரலில் கோபம் இல்லை. "சம்பளம் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் சரியாப் போயிடுது. பிள்ளையோட ஸ்கூல் வேன் காசு டிப்ஸ்லதான் கட்டுறேன். போர்டு வச்சா வேனை நிறுத்தணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முஸாஃபஹா செய்துவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்.

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பிய அறிவுரை உங்களுக்குத் தெரியும். இரண்டு பேர் வழக்குடன் வந்தால், ஒருவர் பேச்சைக் கேட்டது போலவே மற்றவர் பேச்சையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று. அபூதாவூதில் வருகிறது. மதரஸாவில் இதை ஓதிக் கொடுக்கிற நானே பாதிக் கதையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். அஸ்தஃக்ஃபிருல்லாஹ். அதனால்தான் இன்றைய தலைப்பு மாறியது.

டிப்ஸை நிறுத்தினால் உழைக்கிறவருக்கு நல்லதா, கெடுதலா? இது ஹோட்டல்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் சமுதாயத்தில் எத்தனை பேர் ஹோட்டல் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் ஹோட்டலில் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த இரண்டிலும் சேராதவர்கள் ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள். ஆக எல்லோரும் இதில் இருக்கிறோம்.

சகோதரர்களே, சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. மிஸ்ரிலிருந்து உயிருக்குத் தப்பி, பசியோடும் களைப்போடும் மத்யன் நகரத்துக் கிணற்றடிக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே இடையர்கள் கூட்டமாக நின்று தண்ணீர் காட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு காத்து நிற்கிறார்கள். தகப்பனார் வயதானவர். மூஸா (அலை) போய் அவர்களுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நிழலுக்குப் போய் ஒதுங்கினார்கள். கேட்க வேண்டியதை ரப்பிடம் கேட்டார்கள்: நீ எனக்கு எந்த நன்மையை இறக்கினாலும் அதன்பால் தேவையுள்ளவனாக இருக்கிறேன் என்ற பொருளில் துஆ செய்தார்கள். உழைத்தவருடைய மானம் அங்கே இருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. உழைப்பை வாங்கிக்கொண்ட வீடு சும்மா இருக்கவில்லை. அந்தப் பெரியவர் தம் மகளை அனுப்பினார். நீங்கள் தண்ணீர் காட்டியதற்கான கூலியைத் தருவதற்காக என் தந்தை அழைக்கிறார் என்று அந்தப் பெண் நாணத்தோடு வந்து சொன்னார். அவர் வாங்காமலேயே போனார், நல்ல மனிதர் என்று விட்டுவிடவில்லை. தேடிப் போய்க் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கூலிக்கு அமர்த்துவதற்கு ஏற்றவர் வலிமையும் நம்பகமும் உள்ளவர்தான் என்று மகள் எடுத்துச் சொல்ல, பெரியவர் ஒப்பந்தம் பேசுகிறார். 8 வருடம் வேலை. 10 ஆக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்கிறார். அந்தப் பெரியவர் ஷுஐப் (அலை) என்று பல முஃபஸ்ஸிர்கள் சொல்கிறார்கள். வேறு கருத்தும் உண்டு. அது இருக்கட்டும். அந்தப் பேச்சு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். 8 என்பது ஒப்பந்தம். மேற்கொண்டு 2 என்பது மனமுவந்து செய்வது. இரண்டையும் அவர் கலக்கவில்லை. மேற்கொண்டு வருவதை எதிர்பார்த்துக்கொண்டு அடிப்படையைக் குறைக்கவில்லை. மூஸா (அலை) எதை நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, இரண்டில் அதிகமானதையே நிறைவேற்றினார்கள் என்று பதில் சொன்னதாக புகாரியில் வருகிறது.

நம் ஹோட்டல்களில் நடப்பது என்ன? வேலைக்குச் சேர்க்கும்போதே சம்பளத்தைக் குறைவாகச் சொல்லிவிட்டு, "அது போக டிப்ஸ் கிடைக்கும்பா" என்கிறோம். மேற்கொண்டு வருகிற 2 வருடத்தை, ஒப்பந்தத்தின் 8 வருடத்துக்குள்ளேயே தள்ளிவிடுகிறோம். வாடிக்கையாளர் விரும்பிக் கொடுக்கிற அன்பளிப்பை முதலாளி தன் சம்பளக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார். கோளாறு ஆரம்பிப்பது இங்கேதான்.

இப்போது டிப்ஸ் வாங்குவது ஹலாலா என்கிற மஸ்அலாவைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிலர் இப்னுல் லுத்பிய்யா உடைய ஹதீஸைக் காட்டி ஹராம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஸகாத் வசூலிக்கப் போன அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அது அதிகாரத்தில் இருப்பவருக்கு வருகிற அன்பளிப்பு. தாலுகா ஆபீஸில் ஃபைல் நகர "டீ காசு" கொடுக்கிறோமே, அதுதான் இந்த ஹதீஸுக்கு நேரான உதாரணம். அதற்கு டிப்ஸ் என்று பெயர் வைத்தாலும் லஞ்சம் லஞ்சம்தான்.

சாப்பிட்டு முடித்து, பில்லைக் கட்டிவிட்டு, நிர்ப்பந்தம் இல்லாமல் ஒருவர் 20 ரூபாய் வைத்துவிட்டுப் போகிறார். முதலாளிக்கும் இது தெரியும், அனுமதியும் இருக்கிறது. இதை லஞ்சத்தோடு சேர்க்க முடியாது. உமர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒன்றைக் கொடுத்தபோது, என்னைவிடத் தேவையுள்ளவருக்குக் கொடுங்களேன் என்றார்கள் உமர் (ரலி). நீ ஆசைப்பட்டு எதிர்பார்க்காமலும் கேட்காமலும் வருகிற பொருளை வாங்கிக்கொள், அப்படி வராததன் பின்னால் மனதை அலைய விடாதே என்ற கருத்தில் பெருமானார் பதில் சொன்னார்கள். சப்ளையர் தம்பிமார்களே, உங்களுக்கான அளவுகோல் இதுதான். அதே நேரம், வழக்கமாக 50 ரூபாய் வைக்கிறவருக்கு முதலாளிக்குத் தெரியாமல் ஒரு லெக் பீஸ் கூடுதலாக வைத்துக் கொண்டுவருவது இருக்கிறதே, அது கியானத். கறி உங்களுடையது அல்ல.

மஸ்அலா அவ்வளவுதான். ஆனால் சப்ளையர் என்னிடம் கேட்டது ஹலாலா ஹராமா என்று அல்லவே. அவருடைய கேள்வி வேன் காசு.

டிப்ஸினால் வருகிற கெடுதலை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த முதலாளி சொன்னதில் உண்மை இருக்கிறது. பரிமாறுகிறவருடைய கண் சட்டையை அளக்கப் பழகிவிடுகிறது. அடுத்து, காசு முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் போகிறது. மே மாத வெயிலில் கல்லுக்கு முன்னால் நின்று புரோட்டா போடுகிற மாஸ்டரை நீங்கள் பார்க்கிறீர்கள். அவருக்கு டிப்ஸ் உண்டா? பின்கட்டில் அண்டா தேய்க்கிறவரை நீங்கள் பார்ப்பதுகூட இல்லை. மேசை துடைக்கிற பையன், எங்கோ வடக்கிலிருந்து வந்த பிள்ளை, தமிழ் தெரியாது, அவனுக்கும் கிடைப்பதில்லை. பணியாள் உணவு கொண்டுவந்தால் அவரைக் கூட உட்கார வையுங்கள், இல்லையென்றால் ஒரு கவளமோ இரண்டு கவளமோ கொடுங்கள், அதைச் சமைத்த சூட்டைத் தாங்கியவர் அவர் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் கொடுப்பதற்குச் சொன்ன காரணம் அடுப்பின் சூடு. நம் டிப்ஸ் அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே போவதில்லை.

இன்னொன்று. டிப்ஸுக்கு பி.எஃப் கிடையாது. இ.எஸ்.ஐ., போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. ஒருவருடைய வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ் என்றால், அவர் காலில் அடிபட்டு ஒரு மாதம் படுத்தால் அந்தப் பங்கு அன்றைக்கே நின்றுபோகும். 25 வருடம் பரிமாறிவிட்டு வயதாகி வீட்டுக்குப் போகும்போது, அந்த 25 வருட டிப்ஸுக்கு எந்தக் காகிதத்திலும் சாட்சி இருக்காது. குகையில் மாட்டிக்கொண்ட மூன்று பேரின் ஹதீஸ் நினைவிருக்கிறதா? கூலியை வாங்காமல் போன வேலையாளின் கூலியை மூன்றாமவர் பெருக்கி வைத்தார். அவர் திரும்பி வந்தபோது அது ஒட்டகமும் மாடும் ஆடுமாக நின்றது. எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். அந்த அமலைச் சொல்லித் துஆ கேட்டபோது பாறை நகர்ந்தது. தன் வேலையாட்களின் பி.எஃப் பணத்தைச் சரியாகக் கட்டுகிற முதலாளி இந்த ஹதீஸைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

கூலியை வாடிக்கையாளர் தலையில் தள்ளினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1865-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலையான கறுப்பின மக்களை ஹோட்டல்களிலும் ரயில்களிலும் வேலைக்கு வைத்தவர்கள் மிகக் குறைந்த கூலி கொடுத்து, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்று விட்டார்கள். புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்தவர்களின் வரலாறு இதற்குப் பெரிய சாட்சி. அந்த வழக்கம் சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. இன்றைக்கும் அங்கே மத்திய அரசுச் சட்டப்படி, டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி ஒரு மணி நேரத்துக்கு 2.13 டாலர். 1991-இலிருந்து அந்த எண் நகரவில்லை. மற்ற தொழிலாளிகளுக்கு 7.25 டாலர். டிப்ஸையும் சேர்த்து அந்தத் தொகை வரவில்லை என்றால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் இந்தப் பாகுபாட்டை ஏற்காமல் முழுக் கூலியையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்கின்றன.

சரி, அப்படியானால் நிறுத்திவிடலாமே? அங்கே நிறுத்தியும் பார்த்தார்கள். நியூயார்க்கில் டேனி மேயர் என்கிற பெயர்பெற்ற ஹோட்டல் முதலாளி, சமையலறைக்காரருக்கும் பரிமாறுகிறவருக்கும் வருமானத்தில் இவ்வளவு இடைவெளி இருக்கக் கூடாது என்று சொல்லி 2015-இல் தம் ஹோட்டல்களில் டிப்ஸை நிறுத்துவதாக அறிவித்தார். விலையை ஏற்றினார், சமையல்காரர்களின் கூலியை உயர்த்தினார். நிய்யத் நல்ல நிய்யத்துதான். ஆனால் பரிமாறுகிறவர்கள் பலர் வருமானம் குறைகிறது என்று வேறு ஹோட்டலுக்குப் போனார்கள். அக்கம்பக்கத்து ஹோட்டல்கள் எல்லாம் பழைய வழக்கத்திலேயே இருக்க, இவருடைய விலை மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. 2020-இல் டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஆக நிறுத்துவது மட்டும் மருந்து அல்ல. வியாழக்கிழமை அந்த முதலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டேன் என்று. பிறகு ஒரு தாளை எடுத்து, ஒரு பேச்சுக்கு என்று கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். கடையில் 10 பேர் வேலை. அதில் 4 பேர் சப்ளையர். ஒரு சப்ளையருக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் டிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். போர்டை மட்டும் வைத்தால், இந்த 4 பேரும் ஆளுக்கு 200 இழக்கிறார்கள், மற்ற 6 பேருக்கு ஒரு பைசா வரவில்லை. லாபம் சாப்பிட வந்தவருக்கு. அவர்தான் காரில் வந்தவர்! ஏழைக்கு நியாயம் செய்யப் போய் வசதியானவருக்குத் தள்ளுபடி கொடுத்ததாக ஆகிவிடும்.

சரி, ஒரு நாளைக்கு 300 பிளேட் பிரியாணி போகிறது. பிளேட்டுக்கு 5 ரூபாய் ஏற்றினால் 1500. அதை 10 பேருக்கும் சமமாகக் கூலியில் சேர்த்தால் ஆளுக்கு 150. அண்டா தேய்க்கிறவருக்கு இதுவரை இல்லாத 150 வருகிறது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் சப்ளையருக்கு 50 குறைகிறது. வேன் நிற்கிறது. 7 ரூபாய் ஏற்றினால் 2100. ஆளுக்கு 210. இப்போது யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பிளேட்டுக்கு 7 ரூபாய், சகோதரர்களே. பி.எஃப் பங்கு, மற்றது என்று இன்னும் கொஞ்சம் ஏறலாம்.

"பக்கத்துக் கடைக்காரர் ஏத்த மாட்டார் ஹஜ்ரத்" என்றார். உண்மைதான், நியூயார்க்கில் நடந்ததும் அதுதானே. அந்தப் பக்கத்துக் கடைக்காரரும் இதே பள்ளியில்தான் தொழுகிறார். இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார். ஜும்ஆவுக்கு எல்லோரையும் ஒரே இடத்தில் அல்லாஹ் கூட்டி வைத்திருப்பதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து பேசினால் 7 ரூபாய் ஒரு பெரிய விஷயமா?

பெருமானார் (ஸல்) அவர்களின் ஒரு செயலை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அபூ தைபா என்பவர் பெருமானாருக்கு ஹிஜாமா செய்துவிட்டார். இரத்தம் குத்தி எடுக்கிற வேலை. அவர் அடிமை. தன் சம்பாத்தியத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையை எஜமானர்களுக்குக் கட்ட வேண்டியவர். பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவித்து புகாரியில் பதிவாகியிருக்கிறது. இதோடு நின்றிருந்தால், வேலை செய்தவருக்குக் கை நிறையக் கொடுத்தார்கள் என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதே ஹதீஸில் இன்னொரு வரி இருக்கிறது. அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் கட்ட வேண்டிய தொகையைக் குறைக்கச் சொன்னார்கள். கையில் கொடுத்தார்கள், அவர் வயிற்றை இறுக்கிய கணக்கையும் தளர்த்தினார்கள். நாம் 20 ரூபாய் வைத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நம் நண்பரிடம், "பாய், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீங்க?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

நம் நாட்டில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று போட்டார்கள், நினைவிருக்கும். பில்லிலேயே தானாகச் சேர்த்துவிடுவார்கள். 2022 ஜூலை மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றது. சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். வலுக்கட்டாயமாக வாங்குவது அன்பளிப்பு ஆகாது. ஆனால் அந்தப் பணம் தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்கிற கேள்வி நம்மில் எத்தனை பேருக்கு வந்தது? பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் கொடுக்கிற டிப்ஸில் முதலாளி கை வைக்கக் கூடாது, முழுவதையும் தொழிலாளர்களுக்கு நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று. இதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள்! நம் ஊரிலும் கல்லா பக்கத்தில் ஒரு உண்டியல் இருக்கும். அதை யார் திறக்கிறார், யார் எண்ணுகிறார் என்பது பல கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. முழுமையாக வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வாதிடுவேன் என்று அல்லாஹ் எச்சரிப்பதாக ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. அடுத்தவர் அந்த உழைப்பாளிக்கென்று வைத்த பணத்தை எடுப்பதும் அதற்குத் தூரத்தில் இல்லை.

இதையெல்லாம் பேசிவிட்டு ஒன்றைப் பேசாமல் இறங்கினால் நான் நேர்மையானவன் அல்ல. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. டிப்ஸில் வாழ்கிறவர்கள் ஹோட்டலில் மட்டுமா இருக்கிறார்கள்? நம் பள்ளிவாசல் மோதினாரைப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன்னால் எழுந்து, பாங்கு சொல்லி, ஹவ்ழ் கழுவி, பாய் விரித்து, மையித் என்றால் கஃபன் கிழிக்க முதல் ஆளாக நிற்கிறவர். அவருக்கு நாம் கொடுக்கிற சம்பளம் என்ன? கேட்டால் நிர்வாகம் என்ன சொல்கிறது? "ரமலான்ல வசூல் பண்ணிக் கொடுக்கிறோம், நிக்காஹ் வீட்டுல கொடுக்கிறாங்க, ஃபாத்திஹா ஓதினா கொடுக்கிறாங்க." ஹோட்டல்காரர் சொன்ன அதே வார்த்தை! முஸாஃபஹா செய்யும்போது கைக்குள் மடித்து வைக்கிறீர்களே, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக, அது நல்ல மனது. ஆனால் நிக்காஹ் இல்லாத ஸஃபர் மாதத்தில் அவர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டாமா? கை கொடுக்கும்போது அவருடைய கண் உங்கள் விரல்களைப் பார்த்தால், குறை அவருடைய கண்ணிலா, நம் சம்பளத்திலா? சூரத்துல் பகராவில் அல்லாஹ் சிலரைப் பற்றிச் சொல்கிறான்: கையேந்தாத அவர்களுடைய பேணுதலைப் பார்த்து, அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிக்கொள்வார் என்று. வெள்ளை ஜிப்பாவைத் துவைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறவரைப் பற்றி நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நிர்வாகிகள் முன் ஸஃப்பில் இருக்கிறீர்கள். நான் என்னைப் பற்றிப் பேசவில்லை, மோதினாரைப் பற்றிப் பேசுகிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள்.

சாப்பிடப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் எல்லோரும் ஜிபே செய்கிறோம். முன்பு 280 ரூபாய் பில்லுக்கு 300 வைத்தால், சோம்புத் தட்டில் வந்த 20 ரூபாயை அப்படியே விட்டுவிட்டு எழுவோம். இன்றைக்கு ஸ்கேன் செய்து 280-ஐ மட்டும் அனுப்பிவிட்டுப் போகிறோம். சில்லறை என்ற பேச்சே இல்லை. அந்த சப்ளையரும் இதைச் சொன்னார், "பாதி டிப்ஸ் போன வருஷமே போயிடுச்சு ஹஜ்ரத்" என்று. யாரும் போர்டு வைக்கவில்லை, யாரும் கூலியை ஏற்றவும் இல்லை, சத்தமில்லாமல் குறைந்துவிட்டது. ஆகவே முதலாளிமார்களே, டிப்ஸை நம்பி நிர்ணயித்த சம்பளம் இன்றைக்கு அன்றிருந்ததைவிடக் குறைந்த சம்பளம். கூலி சரியாகும் வரையில், பையில் நான்கு பத்து ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு போங்கள். கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். மேசையில் எறிந்துவிட்டுப் போவதும், "டிப்ஸ் வச்சேன்ல, தண்ணி கொண்டா" என்று சத்தம் போடுவதும் வேண்டாம். சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மங்களைப் பாழாக்க வேண்டாம் என்று அல்லாஹ் தஆலா தடுத்திருக்கிறான். 10 ரூபாய்க்கும் அது பொருந்தும்.

முதலாளிக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: முதலில் கூலி, பிறகு போர்டு. கூலி சரியான பிறகு போர்டு தேவைப்படாமலும் போகலாம். சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறவன் கஸ்டமர் கையை ஏன் பார்க்கப் போகிறான்? அப்போதும் ஒருவர் மனம் நிறைந்து கொடுத்தால், அது மூஸா (அலை) அவர்களின் மேற்கொண்டு 2 வருடம் மாதிரி. வாங்கிப் பெட்டியில் போட்டு, அண்டா தேய்க்கிறவர் வரைக்கும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அச்சடித்து வாங்கிய போர்டு கல்லாவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதாம். அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து 10 பேருக்கும் கூலியை ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம், அவர் அல்லாஹ்வை முன்வைத்துச் சொன்னார். வாரம் ஒருமுறை வியாழன் இரவு எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறப்பது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். முதல் தடவை நான் வந்து திறக்க வேண்டும் என்றார். நான் மறுத்துவிட்டேன். பெட்டிச் சாவி பின்கட்டில் அண்டா தேய்க்கிற பெரியவரிடம் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

யா அல்லாஹ்! உழைக்கிறவர்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. உழைப்பை வாங்குகிற எங்களுக்கு அவர்களின் ஹக்கைக் குறைவின்றிக் கொடுக்கிற மனதைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.